என் மாமியார் கொடுத்த தாயத்து

என் மாமியார் பகவதியம்மாளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கிள்ளிப்பாலத்தில் எங்கள் வாடகை வீட்டு அடுக்களையில் நின்று "உப்பு தீந்து போச்சு" என்று அவர் சொன்னால், மூன்றாவது வீட்டுக்காரி ஒரு கிண்ணம் உப்போடு வந்து நிற்பாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் அசைந்துவிடப் போவதில்லை. "மருமவனே, தொண்ட சாமி தந்தது. வாடகைக்கு எடுத்ததில்ல" என்பார்.

வயது ஐம்பத்தொன்பது. ஆரியசாலையில் அழகியநம்பி அண்ணாச்சியின் மலைச்சரக்குக் கடையில் சுக்கு தரம் பிரிக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு மூட்டைச் சுக்கைச் சுளகில் கொட்டிப் புடைக்கும்போதே எது முதல் தரம், எது கழிவு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். முதல் தரம் என்றால் துண்டு தடியாக இருக்க வேண்டும், தோல் சுருங்கியிருக்கக் கூடாது, பூச்சித் துளை மருந்துக்குக்கூட இருக்கக் கூடாது. வெளியூர் வியாபாரிகள் "பகவதியக்கா பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையில் கை வைப்பார்கள்.

பூதப்பாண்டியில் பிறந்தவர். மாமனார் தாணுமாலையனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். மாமனார் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினார். அவரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அத்தைக்குக் கல்யாணமான புதிதில் வேலை கிடைத்தது சுக்குக் கடையில் அல்ல, அதே தெருவில் இருந்த ஒரு பழைய தானியக் குடோனில். இப்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளி விற்கிறார்கள். அந்தக் காலத்தில் வண்டு வராமலிருக்க மூட்டைக்கு மூட்டை வெள்ளையாக ஒரு பூச்சிப்பொடி தூவுவார்களாம். உளுந்து புடைத்துவிட்டுப் பெண்கள் வெளியே வரும்போது தலையெல்லாம் நரைத்துப்போன மாதிரி இருக்குமாம். அத்தை இதைப் பெருமையாகத்தான் சொல்லுவார். "சுஜாவ சொமந்தப்போ ஒம்பதாம் மாசம் வரைக்கும் சொளவு தட்டினவளாக்கும் நான். வலி எடுத்ததே உளுந்து மூட்டைக்கு மேல இருக்கும்பத்தான்!" என்பார். பெண் பார்க்கப் போன அன்றே இந்தக் கதையை நான் கேட்டுவிட்டேன்.

சுஜா அவருக்கு ஒரே மகள், எனக்கு ஒரே மனைவி. வயது முப்பத்தொன்று. கரமனையில் ஓர் அக்ஷயா மையத்தில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் ஆதார், ரேஷன் கார்டு என்று விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறாள். அவளுக்கு இருபத்துநாலு வயதில் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. குளிர், வாயு என்று ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். கடைசியில் டாக்டர்தான் விளக்கினார்: உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது. காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரனையே கடித்த மாதிரி. மருந்தில் நோய் அடங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் சில நாள் காலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. அந்த ஒரு மணி நேரமும் அத்தைதான் அவளுக்குக் கை. தலை சீவி, ஊக்கு மாட்டி, தோசையைப் பிய்த்து வாயில் வைத்து, நடுநடுவே என்னையும் நாலு திட்டு திட்டிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு நடப்பார்.

இனி என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எல்லாம் அதனால் வந்த வினை.

நான் விஜய்குமார், ஏசி, ஃப்ரீசர் மெக்கானிக். மெடிக்கல் காலேஜ் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய ஃப்ரீசர் ஒன்று மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கதவு ரப்பரில் விரிசல். ஆளாளுக்குக் கதவைப் படார் படார் என்று சாத்தினால் ரப்பர் என்ன இரும்பா? அதைச் சொல்லிக் கத்தினேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் ரேஷ்மி மேடம் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இப்போது பிறக்கிற குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தம் என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"தாய் வயித்துல இருக்கும்போதே பூச்சிமருந்து, ஈயம், பாதரசம் மாதிரி மாசு பட்டா, பின்னாடி பெரிசான பிறகு உடம்பு தன்னையே தாக்குற அசுகங்கள், அதாவது நோய்கள், கூடுதலா வருமோன்னு ஒரு ஆராய்ச்சி. கஷ்டம் என்னன்னா, இந்தக் குட்டிங்க வளர்ந்து வர இருபது முப்பது வருஷம் காத்திருக்கணுமல்லோ. முப்பது வருஷம் முன்னாடி பிறந்தவங்களோட பொக்கிள்கொடி யார் வச்சிருக்கப் போறாங்க?"

"யார் வச்சிருப்பாவளா? நாங்க வச்சிருப்போம் மேடம்!" என்றேன். வாய் சும்மா இருந்ததா? இல்லை.

எங்கள் ஆட்களில் குழந்தைக்குக் கொடி விழுந்ததும் அதைக் காயவைத்து, வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து, இரண்டு பக்கமும் அரக்கு வைத்து மூடி, அரைஞாணில் கட்டிவிடுவார்கள். வளர்ந்த பிறகு கழற்றிச் சாமி அலமாரியில் வைப்பார்கள். சுஜாவின் தாயத்து எங்கள் வீட்டில் இருக்கிறது, அவளுக்கு மூட்டு நோயும் இருக்கிறது என்று நான் சொன்னதும், ரேஷ்மி மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். சுஜாவுக்கு ஒரே உற்சாகம். தன் நோயைப் பற்றி யாராவது உருப்படியாக ஒரு கேள்வி கேட்டால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அத்தை பழம்பொரி பொரித்து வைத்திருந்தார். முதல் தட்டு காலியாகும் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. மேடம் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று விளக்க ஆரம்பித்தார். அத்தை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பம், தாய் சொமக்கும்ப மேல படுகது எல்லாம் பிள்ளைக்கி நோயா வருமோ?"

"அப்படி இல்ல அம்மே. ஒருத்தரோட அசுகத்துக்கு இதாணு காரணம்னு இதை வச்சுச் சொல்லவே முடியாது. வேற காரணங்களும் உண்டு. நூறு பேர், ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் தொடர்பு இருக்கா இல்லையான்னே தெரியும்."

அத்தை தலையாட்டினார். ஆனால் மேடம் படிவத்தைப் பார்த்து, "கர்ப்பமா இருந்தப்போ எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டதும், "வேலையா? நான் ஒரு எடத்துக்கும் போவல. வீட்டுலதான் இருந்தேன்" என்றார்.

நானும் சுஜாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உளுந்து மூட்டை எங்கே போனது? சுஜா வாயைத் திறக்கும் முன்பே அத்தை அடுத்த தட்டை மேடத்தின் முன்னால் தள்ளிவிட்டார். தாயத்தை அன்றே கொடுக்கவும் மாட்டேன் என்றார். "சாமிகிட்ட இருக்கது. நெனச்ச ஒடன எடுக்கப்பிடாது. வெசாழக்கெழம தாறேன்."

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் சத்தமே இல்லை. மீன்காரி அழுகின சாளையைக் கொடுத்தாள். அத்தை பேசாமல் வாங்கிக்கொண்டார். எனக்கே பயமாகிவிட்டது. புதன்கிழமை காலையில் ஸ்கூட்டரில் அவரைக் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பழவங்காடிப் பக்கம் போக்குவரத்தில் நிற்கும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"மருமவனே, அந்தப் பிள்ள கடலாசுல என்னத்த எழுதும்? எனக்க மேல பிழைன்னு எழுதிருமோ?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மேடம் சொன்னதையே இன்னொரு தடவை பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். முன்னால் ஒரு பஸ்காரன் குறுக்கே விட்டான், எனக்கு அவன் மேல் கோபம். "அறிவியல்ல ஒளிவு மறைவு கெடையாது அத்த. உள்ளத உள்ளபடி எழுதுவாங்க" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வியாழக்கிழமை சொன்னபடியே தாயத்தைத் தந்தார். மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதினோரு நாள் கழித்து ரேஷ்மி மேடம் போன் செய்தார். "விஜய்குமார், ஒரு சின்ன சம்சயம். ஒண்ணு வந்துட்டுப் போறீங்களா?" ஃப்ரீசர் மறுபடி மக்கர் செய்கிறது என்று நினைத்து ரப்பரோடு போனேன்.

மேசை மேல் ஒரு கண்ணாடித் தட்டில் தாயத்து திறந்து கிடந்தது. பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு காய்ந்த துண்டு.

"மைக்ராஸ்கோப்ல பார்த்தா முழுக்க மாவுச்சத்து. மனுஷ உடம்புல அது இருக்காது. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். முருகா! சுக்கு.

அதுவும் சாதாரணச் சுக்கா? தடித் துண்டு, வழவழவென்று தோல், ஒரு பூச்சித் துளை கிடையாது. முப்பத்தொரு வருஷத்துச் சுக்கு என்றால் வண்டு தின்று சல்லடையாகியிருக்கும். இது இந்த வருஷத்துச் சரக்கு. அரக்கும் புதுசு. யார் கைவேலை என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. களவு செய்யும்போதும் இரண்டாம் தரத்தில் கை வைக்க என் மாமியாருக்கு மனசு வரவில்லை. கழிவு மூட்டையிலிருந்து ஒரு சுருங்கின துண்டைப் போட்டிருந்தால் திறந்தவுடனே ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சந்தேகம் வந்திருக்காது.

மேடத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கோபம் மட்டும் மிஞ்சியது. அத்தை அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். சுஜா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"அத்த, அந்தப் பொண்ணு ஆராய்ச்சி செய்யதுக்குக் கேட்டுதா, சுக்குக் காப்பி போடதுக்குக் கேட்டுதா?"

"என்னத்துக்கு இப்பம் கெடந்து சாடுதியோ? கொடி காஞ்சா சுக்கு மாதிரித்தான் இருக்கும்."

"சுக்கு மாதிரி மணக்கவும் செய்யுமோ?"

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். சுஜாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகம். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏழு வருசமா வலிச்சது எனக்காக்கும், அம்மா. அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட எனக்கு உரிம இல்லியா? ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா?"

"தெரிஞ்ச பொறவு நீ என்ன அம்மான்னு கூப்பிடுவியா மக்களே?"

அத்தை மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. அவர் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். "பொடி சேலையெல்லாம் இருக்கும். தலைல இருக்கும். சாப்பாட்டுப் பாத்திரத்துல இருக்கும். கை கழுவினாலும் நாத்தம் போவாது. நான் அத கணக்குல எடுக்கல. வயித்துல பிள்ள இருக்கு, அது வெசமாச்சேன்னு எனக்க புத்திக்கித் தோணல. அந்தக் கொடி வழியாத்தானே ஒனக்கு எல்லாம் வந்துது? அதுல வெசம் இருக்குன்னு ஒரு கடலாசு சொல்லிச்சுன்னா, காலம்பற ஒனக்கு ஊக்கு மாட்ட நான் எந்த மொகத்த வச்சிட்டு வருவேன்?"

ஸ்கூட்டரில் நான் சொன்ன வார்த்தை நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. "தப்பு எம்மேலயும் உண்டு" என்று ஆரம்பித்தேன். சுஜா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அத்தையின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த குடோனுக்கு நீ எதுக்கம்மா போன?"

"பின்ன? கஞ்சிக்கி என்ன செய்ய? ஒங்கப்பன் ஒருத்தன் சொமந்தா போதுமா?"

"அந்தக் கஞ்சி எனக்கு எந்த வழியா வந்துது?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பொடி வந்துச்சோ இல்லியோ, யாருக்கும் தெரியாது. வந்திருந்தா அந்த வழியாத்தான் வந்திருக்கும். ஆனா கஞ்சியும் அந்த வழியாத்தானே வந்துது? பொடிய தூவினவன் எவனோ. வெசம்னு சொல்லாம வித்தவன் எவனோ. கஞ்சி தந்தது நீ. எவனோ செய்தத எல்லாம் நீ எதுக்கு ஒந்தலையில ஏத்திட்டு நடக்க?"

அவ்வளவுதான். அத்தை அழ ஆரம்பித்தார். சாதாரண அழுகையா? தொண்டை பழையபடி திறந்துகொண்டது. மூன்றாவது வீட்டுக்காரி மட்டுமல்ல, மாடி வீட்டு ஆட்களும் "எந்து பற்றி? என்ன ஆச்சு?" என்று ஓடிவந்துவிட்டார்கள். "ஒண்ணுமில்ல, சுக்கு தீந்து போச்சு" என்று சொல்லி அவர்களை அனுப்பி வைத்தேன். சுஜா அழுதுகொண்டே சிரித்தாள். அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், அரிசி டப்பாவுக்குள் கை விட்டு, ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். உள்ளே கறுத்துக் காய்ந்த ஒரு துண்டு. எந்தத் தரத்திலும் சேர்க்க முடியாத துண்டு.

"ஒனக்க பொருளு. குடுக்கதும் குடுக்காததும் ஒனக்க இஷ்டம்."

"நீயும் வரணும். வந்து, நீ எங்க வேல செய்தன்னு நீயே சொல்லணும்" என்றாள் சுஜா.

மறுநாள் அண்ணாச்சியிடம் அரைநாள் லீவு கேட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அத்தை புறப்பட்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் ரேஷ்மி மேடத்தைப் பார்த்ததும், "மோளே, நான் செய்தது பிழ. ஆனா சுக்கு நல்ல சுக்காக்கும். களஞ்சிராத" என்றார். மேடம் அத்தையின் கையைப் பிடித்து உட்கார வைத்து, புதிதாக ஒரு படிவம் எடுத்தார்.

இந்தத் தடவை அத்தை ஒன்றையும் மறைக்கவில்லை. குடோன், தெரு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, பொடியின் நிறம், வாசம், எந்தக் கிழமை தூவுவார்கள், எல்லாம் சொன்னார். கூட வேலை பார்த்த ஏழு பெண்களின் பெயரையும் சொன்னார். அதில் நாலு பேருக்கு அந்த வருஷங்களில் பிள்ளை பிறந்ததென்றும், இரண்டு பேர் தாயத்தைக் கட்டாயம் வைத்திருப்பார்கள் என்றும், தானே போய்க் கேட்டு வாங்கி வருவதாகவும் சொன்னார். "பயப்படுவாளுவோ. நான் போய் பேசினா தருவாளுவோ" என்றார். மேடத்தின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

கேள்விகள் முடிந்தன. மேடம் பேனாவை மூடப் போனார்.

"நில்லு மோளே. நான் என்ன தின்னேன்னு நீ கேக்கலியே?"

மேடம் படிவத்தைப் பார்த்தார். "அதுக்கு இதுல இடம் இல்ல அம்மே. என்னென்ன மாசு பட்டதுன்னு மட்டும்தான் கேட்டிருக்கு."

"இடம் இல்லன்னா உண்டாக்கு. அதும் அந்தக் கொடி வழியாத்தான் போயிருக்கு. எழுது."

மேடம் என்னைப் பார்த்தார், சுஜாவைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்து வெற்றிடத்தில் எழுதத் தயாரானார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். காலையில் பழையது. மத்தியானம் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். ராத்திரி மரச்சீனியும் மீனும், மீன் மலிவாகக் கிடைத்தால். ஆறாம் மாதத்திலிருந்து தினமும் முட்டை. மேடம் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். "…தினமும் ஒரு முட்டை."

"ஒண்ணில்ல மோளே, ரெண்டு. எனக்குன்னு வாங்கினது ஒண்ணு. சொமடு எடுக்க மனுசன் திங்கணும்னு டீக்கடையில அவருக்கு வாங்கினது ஒண்ணு. அவரு அத திங்க மாட்டாரு. துண்டுல முடிஞ்சு எனக்குக் கொண்டுவருவாரு. நான் தின்னு முடிக்க வரைக்கும் வாசல்ல நிப்பாரு."

ரேஷ்மி மேடம் ஒன்று என்பதை அடித்துவிட்டு, இரண்டு என்று எழுதினார்.